பனிக்காலத்திலும் ஓட்டம் நிற்கக்கூடாது



நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியதிலிருந்து எங்கள் இதழின் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கோடை முழுவதும் மோர்னிங்சைட் பூங்காவிலும் ரூஜ் ஆற்றங்கரையிலும் ஓடிப் பழகிய வாசகர்கள்தான் கேட்கிறார்கள். "ஓட்டத்தை விட மனமில்லை. வீட்டிலை ஒரு ட்ரெட்மில் போடலாம் எண்டு யோசிக்கிறம். எதை நம்பி வாங்கிறது?" இந்த மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

கேட்பவர்களின் சிரமம் எனக்கு நன்றாகவே புரிகிறது. டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. காலையில் எட்டு மணியை நெருங்கும்போதுதான் விடிகிறது. வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வெளிச்சத்தில் ஓடக் கிடைப்பது சனியும் ஞாயிறும்தான். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம். நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் கண்ணாடிப் பனியை எந்த உடுப்பாலும் சமாளிக்க முடியாது. ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால் அந்தப் பருவமே போய்விடும்.

ஆனால் ஓட்டப் பந்தயங்களின் நாட்காட்டி குளிருக்காகக் காத்திருப்பதில்லை. ஹமில்டனில் 'அரவுண்ட் த பே' என்ற 30 கிலோமீற்றர் ஓட்டம் மார்ச் மாதக் கடைசியில் நடக்கிறது. 1894இல் தொடங்கிய ஓட்டம் அது. புகழ்பெற்ற பொஸ்டன் மரதனைவிட மூன்று வயது மூத்தது. அதற்குப் பெயர் கொடுத்தவர் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான் நீண்ட தூரங்களை ஓடிப் பழகவேண்டும். ஏப்ரலில் பொஸ்டன், மே மாதத்தில் ரொறன்ரோவும் ஒட்டாவாவும். இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுவது பனி கொட்டும் மாதங்களில்.

பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கும் இது முக்கியம்தான். ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சோனியா ஆனந்தும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வம்சாவளியினர் ஆகிய மூன்று சமூகங்களை ஒப்பிட்டதில், இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது எங்களைப் போன்ற தெற்காசியரிடம். கோடையில் ஐந்து மாதம் ஓடிவிட்டு, குளிரில் ஐந்து மாதம் சோபாவில் இருப்பது எங்கள் உடம்புக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டுக்குள் ஓடுவது உண்மையான பயிற்சியாகுமா என்று சிலர் ஐயப்படுகிறார்கள். கிறிஸ்டின் கிளார்க்கின் கதையை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் மருத்துவராக இருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அங்கே குளிர்காலத்தில் வெளியில் ஓடுவது பெரும்பாடு. ஆகவே பயிற்சியின் பெரும்பகுதியை ட்ரெட்மில்லில் முடித்தார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் அமெரிக்க ஒலிம்பிக் மரதன் தெரிவுப் போட்டி நடந்தது. அன்று வெயில் கடுமை. பெயர் பெற்ற ஓட்டக்காரர்கள் வாடிப்போக, யாரும் எதிர்பாராத கிளார்க் 2 மணி 33 நிமிடம் 31 விநாடியில் முதலாவதாக வந்தார். வெதுவெதுப்பான அறைக்குள் வியர்க்க வியர்க்க ஓடிப் பழகியது அந்த வெயிலில் கைகொடுத்தது. அந்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் சார்பில் மரதன் ஓடியவர் அவர் ஒருவர்தான். அங்கே 19ஆவதாக வந்தார்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் வீட்டைப் பாருங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்லவேண்டியது. அதைச் செய்யாமல் வாங்கிய இயந்திரங்கள்தான் பெரும்பாலும் மூலையில் முடங்குகின்றன.

எங்கள் வீடுகளில் ட்ரெட்மில்லுக்குக் கிடைக்கும் இடம் பேஸ்மென்ட். அங்கே முதலில் அளக்கவேண்டியது கூரையின் உயரம். 5 அடி 10 அங்குல உயரமான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் பலகை நிலத்திலிருந்து ஏறக்குறைய 8 அங்குலம் உயர்ந்திருக்கும். ஓடும்போது தலை மேலே எழும்பும். அதற்கு ஓர் 6 அங்குலம் விடவேண்டும். கூட்டினால் சரியாக 7 அடி. பழைய வீடுகளின் பேஸ்மென்ட் பல அந்த உயரத்துக்கே வராது; வந்தாலும் சூடு கொண்டுபோகும் தகரக் குழாய் குறுக்கே தாழ்ந்து ஓடும். இத்தோடு ஏற்றத்தை 12 சதவீதம் வைத்தால், 60 அங்குலப் பலகையின் முன்பக்கம் இன்னும் 7 அங்குலம் மேலே போகும். வீட்டில் யார் மிக உயரமானவரோ, இனி உயரப்போகும் பிள்ளை யாரோ, அவரை வைத்து அளந்துபாருங்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இயந்திரத்தை மேல்தளத்தில் வைப்பார்கள். கீழே குடியிருப்பவரின் தலைக்கு மேல் ஒவ்வொரு அடியும் இடிக்கும். தடித்த ரப்பர் விரிப்பு ஓரளவுக்கு அடக்குமே தவிர முற்றாக நிறுத்தாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாங்கும் முன் கட்டட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கராஜில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சூடாக்கப்படாத கராஜ் வேண்டாம். உறைகுளிரில் பெல்ட் விறைக்கும். வெப்பம் ஏறி இறங்கும்போது ஈரம் படிந்து மின்னணுப் பலகை கெடும். பல உற்பத்தியாளர்கள் அப்படி வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது சுவரில் இருக்கும் மின்செருகி. கனடிய வீடுகளில் சாதாரணச் செருகி 120 வோல்ட், 15 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட். அதற்கு மேல் அந்தச் சுவர் தராது. பேஸ்மென்ட் குளிர்கிறது என்று அதே இணைப்பில் 1,500 வாட் ஹீற்றர் ஒன்றையும் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினால் பிரேக்கர் விழும், பெல்ட் திடீரென்று நிற்கும். ட்ரெட்மில்லுக்கு வேறெதுவும் பொருத்தாத தனி இணைப்பு வேண்டும். நீட்டுக் கம்பியிலோ பவர் பாரிலோ ஒருபோதும் பொருத்தாதீர்கள். கம்பி சூடேறுவதோடு மின்னழுத்தமும் குறைந்து மோட்டரின் ஆயுளைத் தின்னும். தனி இணைப்பு இல்லாவிட்டால் உரிமம் பெற்ற மின்தொழிலாளியிடம் கேளுங்கள். அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

இந்த 1,800 வாட் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். அப்படியானால் வீட்டுச் செருகியிலிருந்து எடுக்கக்கூடியது ஏறக்குறைய 2.4 குதிரைவலுதான். ஆனால் கடையில் 4 என்றும் 5 என்றும் கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். அது ஒரு கணம் மோட்டர் எட்டக்கூடிய உச்ச வலு. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல, தொடர்ந்து தாங்கும் வலு, பெட்டியில் சி.எச்.பி. என்று போட்டிருப்பார்கள். நடைக்கு 2, மெதுவோட்டத்துக்கு 2.5, தீவிர ஓட்டத்துக்கு 3 என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்த 3ஐயும் சுவர் முழுதாகத் தருவதில்லை. ஓடும்போது அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. மோட்டர் எவ்வளவு பெரியது, சூடேறாமல் எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதற்கு அந்த எண் ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், மோட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று பாருங்கள். தன் மோட்டரில் நம்பிக்கை உள்ள நிறுவனம் அதை எழுத்தில் தரும்.

நல்ல மோட்டரா என்று காலும் சொல்லும். ஒவ்வொரு அடி விழும்போதும் உடல் எடை முழுவதும் பெல்டை ஒரு கணம் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. வலுவான மோட்டரும் பாரமான சட்டமும் இருந்தால் அது தெரியாது. இல்லாவிட்டால் அடிக்கு அடி பெல்ட் தயங்குவதைப் பாதத்தில் உணர்வீர்கள். கடையில் நடந்து பார்த்துவிட்டு வராதீர்கள். ஓடும் சப்பாத்தோடு போய், நீங்கள் வழக்கமாக ஓடும் வேகத்தில் பத்து நிமிடமாவது ஓடிப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கில் டொலர் கொடுப்பவர் நீங்கள்.

பெல்டின் அளவில் விட்டுக்கொடுக்கவேண்டாம். ஓடுவதற்கு 20 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் வேண்டும். உயரம் குறைந்தவர்கள், மெதுவாக ஓடுபவர்கள் 55 அங்குலத்தில் சமாளிக்கலாம். ஆனால் வேகம் கூடக்கூடக் காலின் எட்டும் நீளும். குறுகிய பெல்டில் பின்னால் போய்விடுவோமோ என்ற பயத்திலேயே அடியைச் சுருக்கி ஓடுவீர்கள்; அந்தப் பழக்கம் வசந்தத்தில் வீதிக்கும் கூட வரும். கட்டிலுக்குக் கீழே தள்ளிவைக்கக்கூடிய மெல்லிய நடைப் பலகைகள் இப்போது மலிவாக வருகின்றன. மேசையில் வேலை செய்துகொண்டே நடக்க அவை நல்லவை. ஓடுவதற்கு அவற்றை வாங்கவே வேண்டாம்.

பெல்ட் சுற்றும் உருளைகள் பருமனாக, இரண்டரை அங்குல விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் பெல்டும் அச்சும் நீண்டகாலம் உழைக்கும். விற்பனையாளர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்கவேண்டும். மடித்து நிறுத்தும் இயந்திரங்களைப் பற்றிச் சிலர் தாழ்வாகப் பேசுவதுண்டு. சட்டம் பாரமாக இருந்தால் மடிப்பதில் குறையொன்றுமில்லை.

திரை பற்றிக் கொஞ்சமாகவே சொல்வேன். பெரிய தொடுதிரையும் மலைப்பாதைக் காட்சிகளும் பலருக்கு உற்சாகம் தருகின்றன, அதை நான் மறுக்கவில்லை. நோர்டிக்ட்ராக் போன்றவற்றின் காட்சிகளுக்கும் வகுப்புகளுக்கும் சந்தா கட்டவேண்டும். சோல், ஹொரைசன் போன்றவற்றில் உங்கள் கையிலிருக்கும் டாப்லெட்டை வைத்துக்கொண்டு ஓடலாம். ஒரே விலைக்குப் பெரிய திரை உள்ள இயந்திரமும், சிறிய திரையோடு பெரிய மோட்டரும் பாரமான சட்டமும் உள்ள இயந்திரமும் நின்றால், நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

உத்தரவாதத்தில் ஒரு நுணுக்கம். சட்டத்துக்கு ஆயுள் முழுவதும் உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சட்டம் அநேகமாக உடைவதில்லை. உடைவது மின்னணுப் பலகை, பெல்ட், பொத்தான்கள். ஆகவே உதிரிப்பாகங்களுக்கு எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து திருத்தும் கூலிக்கு எத்தனை வருடம் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். உங்கள் நகரத்துக்கு வந்து திருத்தும் தொழில்நுட்பர் யார் என்றும் கேளுங்கள். இணையத்தில் மட்டுமே விற்கும், பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் இயந்திரம் ஜனவரி நடுவில் நின்றுபோனால், பாகம் வந்துசேரக் கோடை வந்துவிடும். வீட்டு விநியோகம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியை வாசற்படியில் இறக்கிவிட்டுப் போவதும் விநியோகம்தான். பேஸ்மென்ட் படியால் இறக்கிப் பொருத்தித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பழையதை வாங்குவது தவறல்ல. குறைந்த செலவில் நல்ல இயந்திரம் கிடைக்கும் வழி அது. பலர் ஜனவரியில் ஆசையோடு வாங்கி, பனி கரைந்ததும் கிஜிஜியில் போட்டுவிடுகிறார்கள். பார்க்கப் போகும்போது இருபது நிமிடம் ஓடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தெரியாத குறை மோட்டர் சூடேறியதும் தெரியும். கருகல் மணம் வந்தால் விட்டுவிடுங்கள். அணைத்துவிட்டு, மின்செருகியைக் கழற்றியபின், பெல்டின் அடிப்பக்கத்தில் கையை விட்டுத் தடவுங்கள். வறண்டு சொரசொரத்தால் எண்ணெய் காணாத இயந்திரம் அது. உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். உடற்பயிற்சிக் கூடங்கள் கழித்துவிடும் பெரிய இயந்திரங்கள் உறுதியானவைதான். ஆனால் சிலவற்றுக்கு 20 அம்பியர் அல்லது 240 வோல்ட் இணைப்பு வேண்டும், நிறையும் இருநூறு கிலோவை நெருங்கும். படியையும் செருகியையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் 'ட்ரெட் பிளஸ்' இயந்திரங்கள் ஏறக்குறைய 125,000ஐத் திரும்பப் பெற்றது. பிள்ளைகளும் செல்லப்பிராணிகளும் பொருட்களும் பின்பக்கத்தால் பெல்டுக்கு அடியில் இழுபட்டதாக எழுபதுக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்திருந்தன. ஒரு குழந்தை இறந்துபோனது. விலை உயர்ந்த, பெயர் பெற்ற இயந்திரம் அது. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் பின்பக்கம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் 2 மீற்றரும் இரு பக்கமும் அரை மீற்றரும் வெறுமையாக இருக்கவேண்டும். சுவரைப் பின்னால் வைத்து நிறுத்தவேண்டாம். ஓடும்போது பாதுகாப்புச் சாவியின் கயிற்றை உடுப்பில் கொளுவிக்கொள்ளுங்கள். ஓடி முடித்ததும் அந்தச் சாவியைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், செருகியையும் கழற்றிவிடுங்கள். நீங்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடும் நேரத்தில் சின்னப் பிள்ளை அந்த அறைக்குள் வரக்கூடாது. கதவைப் பூட்டுங்கள்.

வாங்கி வைத்தபின் பராமரிப்பு மிகக் குறைவு. கையேட்டில் சொன்னபடி, அநேகமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெல்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் இடவேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஆகாது. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள திருகாணியைக் கால் சுற்று திருப்பினால் போதும். குளிர்காலத்தில் ஹீற்றர் காற்று வறண்டு மின்னேற்றம் சேரும், தொட்டால் சுரீரென்று அடிக்கும். அது மின்னணுப் பலகைக்கும் நல்லதல்ல. அறையில் ஓர் ஈரப்பதமூட்டி இருந்தால் இயந்திரத்துக்கும் தொண்டைக்கும் நன்மை.

வேகம் சரியாகக் காட்டுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். பெல்டின் முழுச் சுற்றளவையும் அளந்து, ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் ஓட, இன்னொருவர் பக்கத்தில் நின்று ஒரு நிமிடத்தில் கோடு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணட்டும். பெல்ட் 3.3 மீற்றர், 50 சுற்று என்றால் நிமிடத்துக்கு 165 மீற்றர், மணிக்கு 9.9 கிலோமீற்றர். திரை 11 என்று காட்டினால் எது உண்மை என்று தெரிந்துகொள்வீர்கள்.

எப்போதும் ஒரு சதவீத ஏற்றத்தில் ஓடவேண்டும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு அடிப்படை ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற இருவரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு. வெளியில் காற்றின் எதிர்ப்பு தரும் சுமையை அந்த ஒரு சதவீதம் ஈடுசெய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் சோதித்தது மணிக்கு ஏறக்குறைய 10.5 முதல் 18 கிலோமீற்றர் வேகங்களில். அதைவிட மெதுவாக ஓடுபவர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் காற்று இல்லாததால் உடம்பு சூடேறி இதயத் துடிப்பு கூடும்; நேர் முன்னால் ஒரு மின்விசிறி கட்டாயம் வையுங்கள். ஹமில்டன் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் நீண்ட ஓட்டத்தின் பின்பாதியில் ஏற்றத்தை மாற்றி மாற்றி வையுங்கள், அந்தப் பாதையின் பின்பாதி மேடு பள்ளத்துக்குப் பேர்போனது. வீதி காய்ந்திருக்கும் நாட்களில் வெளியிலும் ஓடுங்கள். கால் வீதியை மறந்துவிடக்கூடாது. நெஞ்சு இறுக்கமோ, நடக்கும்போது மூச்சிரைப்போ உள்ளவர்கள் குடும்ப வைத்தியரைக் கண்டபின் தொடங்குங்கள்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஐந்து வருடத்துக்கு மேலாக ஒரு ட்ரெட்மில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், அது எது, யார் ஓடுகிறார்கள், பழுது வந்தபோது எங்கே திருத்தினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ரொறன்ரோப் பகுதியில் நம்பிக்கையாகத் திருத்தித் தரும் தொழில்நுட்பர்களைத் தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் அனுபவங்களைத் தொகுத்து வரும் இதழில் வெளியிடுவோம். ஜனவரியில் வாங்க இருப்பவர்களுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்